தானே ஆறும் சாலை

தொப். கடகட. சுமை ஏற்றிய லாரியின் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முதலில் மண்ணின் வயிற்றிலிருந்து ஒரு தொப், பிறகு பின்பலகையில் சங்கிலி அடிக்கும் கடகட, அதற்குப் பிறகு மழை மட்டும். தமயந்தி இதைக் கேட்டது பத்து வயதில், ஓர் ஐப்பசி மாலையில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது. வீட்டுக்கு எதிரே நெடுஞ்சாலையில் மழைக்கு மழை வாய் திறக்கும் அந்தப் பள்ளத்தில் சைக்கிள்காரர்கள் விழுந்துவிடக் கூடாதே என்று கூடையில் செங்கல் துண்டுகளை எடுத்துப் போய்க் கொட்டுவது அவளுடைய அண்ணன் சங்கரலிங்கத்தின் வழக்கம்; அன்றும் போனான், பாதி வழியில் திரும்பி, அவளைத் தான் மட்டும் கூப்பிடுகிற செல்லப் பெயரால் கூப்பிட்டு, நனையாதே உள்ளே போ என்றான், பிறகு குனிந்தான்; குனிந்தவனை லாரிக்காரனுக்கு மழையில் தெரியவில்லை.

சத்தம் அதன் பிறகு அவளைவிட்டுப் போகவில்லை. தேர்வு மண்டபத்தில், கோயில் மணிக்கு நடுவில், அலுவலகக் கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்கையில், காரணமில்லாமல் வரும். வருகிறபோது முதலில் அந்தச் செல்லப் பெயர், அடுத்து தொப், அடுத்து கடகட. அதனால்தான் அவள் சாலைப் படிப்புப் படித்து நெடுஞ்சாலைத் துறையில் சேர்ந்தாள் என்று வீட்டில் சொல்வார்கள், அவள் ஆமென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. புதிதாக வருகிற எதையும் சாலையில் போட்டுப் பார்த்துத் தகுதி சொல்லும் பிரிவில் அவள் உதவிப் பொறியாளர். பிளாஸ்டிக் குப்பை கலந்த தார், தென்னை நார்ப் பாய், அனல் நிலையத்துச் சாம்பல், தாரைப் பீய்ச்சிப் பள்ளத்தை அடைக்கிற வண்டி என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் பளபளக்கும் அட்டைப்படத்தோடு கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனைத் துண்டு, ஒரு கோடை, ஒரு மழைக்காலம். நல்ல சாலையைப் பார்ப்பதல்ல அவள் வேலை. எது எப்போது எப்படி உடைகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பது. உடையாத ஒன்றைச் சோதித்து முடித்ததாக அவள் ஒருநாளும் எழுதியதில்லை.

அப்படித்தான் நிர்மல் வந்தான். சென்னைக் கம்பெனிப் பையன், சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை. தாருக்குள் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்க் குமிழ்கள், விரிசல் விட்டால் குமிழ் உடைந்து எண்ணெய் கசிந்து விரிசல் தானே ஆறிவிடும் என்றான். செவல்பொட்டல் விலக்கைத் தாண்டி நீளும் ஒரு துண்டை அவனுக்குக் கொடுத்தார்கள். விலக்கு என்றால் பெருஞ்சாலையிலிருந்து ஊர்ப்பாதை பிரிகிற முனை; பஸ் அதுவரைக்கும்தான், அதன் பிறகு உடைமரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் நடந்தால் ஊர். ஒரு பக்கம் ஓடை, இன்னொரு பக்கம் கல்குவாரி. ஊருக்கு வேறு வாசல் கிடையாது. தார் கொட்டி, ரோலர் ஓடி, சூடு ஆறும்வரை கயிறு கட்டி வைத்திருந்துவிட்டு, சோதனைப் பகுதி என்று அறிவிக்கப் பலகை எழுதச் சொன்னார்கள். எழுதியவனுக்குப் பலகை சின்னது, எழுத்து பெரியது. முதல் வரியில் சோதனை என்று எழுதினான், இரண்டாம் வரியில் தானே ஆறும், மூன்றாம் வரியில் சாலை. துறைக்காரர்கள் அதைச் சோதனை, கோடு, தானே ஆறும் சாலை என்று படித்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய செவல்பொட்டல்காரர்கள் ஒரே மூச்சில் படித்தார்கள்: சோதனை தானே ஆறும் சாலை.

“நல்ல வார்த்தை எழுதியிருக்காக,” என்றாள் விலக்கில் டீக்கடை போட்டிருந்த சுடலைவடிவு. “இங்க யாருக்குத்தான் சோதனை இல்ல.”

முதல் மாதம் தமயந்தி கருவியை வைத்து, வட்டமாகச் சாலையை அறுத்து, ஒரு துண்டை வெளியே எடுத்தாள். அதைத் துணியில் சுற்றி ஜீப்பில் வைத்துவிட்டுச் சுடலைவடிவு கொடுத்த டீயைக் குடித்து முடித்துத் திரும்பினால் அறுத்த குழி இல்லை. தடம்கூட இல்லை, தோல் மூடியது மாதிரி வழுவழுவென்றிருந்தது. நிர்மல் அதைத் தடவிப் பார்த்து, கொஞ்சம் வேகமாகத்தான் ஆறுகிறது மேடம் என்றான். அன்று சாயங்காலம் சுடலைவடிவு விளிம்பு உடைந்த டம்ளர்களைக் கழுவிச் சாலை ஓரத்தில் கவிழ்த்து வைத்தாள். எடுக்கும்போது அவை முழு டம்ளர்களாக இருந்தன. அவள் அவற்றை அடுக்கி வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். மறுநாள் லாரியில் அடிபட்ட கோழி ஒன்று எழுந்து சிறகை உதறிக்கொண்டு ஊர்ப்பாதையில் போயிற்று, கோழிக்குச் சொந்தக்காரி அதைத் திட்டிக்கொண்டே பின்னால் போனாள்.

அதன் பிறகு ஊர் அதற்குத் தகுந்தபடி தன்னை ஒழுங்கு செய்துகொண்டது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வார் அறுந்த செருப்போடு வந்து சாலையில் பத்தடி நடந்து பஸ் ஏறினார்கள். பத்து மணிக்குப் பிறகு மூட்டுவலிக்காரர்கள், மதியம் கீறல் விழுந்த அண்டாக்களும் கால் ஒடிந்த நாற்காலிகளும், வெயில் தாழ்ந்த பிறகு பேச்சுவார்த்தை அறுந்துபோன அண்ணன் தம்பிகள். அவர்கள் இந்த ஓரத்தில் ஒருவரும் அந்த ஓரத்தில் ஒருவருமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நடக்கத் தொடங்குவார்கள், துண்டு முடிகிற இடத்தில் ஒருவர் மற்றவரிடம் தீப்பெட்டி கேட்டுக்கொண்டிருப்பார். விலக்கில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த மரியசூசை வேலையில்லாமல் கரும்புச்சாறு இயந்திரம் வாங்கிப் போட்டார். கரும்புச் சக்கையைச் சாலையில் போட்டுவிடாதீங்க, மறுபடி கரும்பாயிரும் என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரித்தார். கண்டக்டர்கள் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, ஆறுதல் விலக்கெல்லாம் இறங்கு என்று குரல் கொடுத்தார்கள்.

தமயந்தி அந்தச் சாலையில் ஒவ்வொரு வாரமும் நடந்தாள், குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், தேடித் தேடி ஒரு மயிரிழை விரிசல்கூட அகப்படவில்லை. ஒருநாள் அலுவலகம் திரும்பும் ஜீப்பில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது, சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. முப்பத்தைந்து வருஷமாகக் கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்த ஒருவர் அலுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பிவிட்டதுபோல ஓர் அமைதி, பருத்திக்காட்டில் மதிய வெயில் கிடப்பது மாதிரி அகலமான, நிறமில்லாத அமைதி. அவள் நன்றாகத் தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள், வேலை இல்லாத நாட்களிலும் ஏதாவது காரணம் சொல்லி விலக்கில் வந்து இறங்கினாள்.

பிறகு ஓட்டைகள் மூடத் தொடங்கின.

முதலில் பெண்களின் காதுகள். கம்மலைக் கழற்றி வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து பருத்தி எடுக்கப் போனவர்கள் திரும்பி வந்து கண்ணாடி பார்த்தால் காது, குத்தாத குழந்தைக் காதாக இருந்தது. காளைகளின் மூக்குத்துளை மூடி, கயிறு கையோடு வந்தது. விலக்கிலிருந்த தபால் பெட்டியின் வாய் மூடிக்கொண்டது. கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயில் வைத்தால் ஒரு துளைகூட இல்லை, வழவழவென்று ஓர் உலக்கை. மாப்பிள்ளை ஊர்வலம் தவில் மட்டும் அடித்துக்கொண்டு போயிற்று. ஊர் இதற்கும் ஈடுகொடுத்தது. சல்லடையையும் இடியாப்ப அச்சையும் வாத்தியங்களையும் தலையில் வைத்துக்கொண்டு, முட்டளவு சேற்றில் ஒவ்வொருவராக, ஓடை வழியாகச் சுற்றிக் கொண்டுபோனார்கள். நிர்மல் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு டீக்கடையில் வந்து நின்றான், பட்டன் ஓட்டை எல்லாம் மூடியிருந்தது.

“ஊக்கு இருக்குமா அக்கா?”

“ஊக்கு இருக்கு தம்பி. ஊசிக்குத்தான் காது அடைச்சுப் போச்சு,” என்றாள் சுடலைவடிவு.

அவன் ஊக்கை மாட்டிக்கொண்டே தமயந்தியிடம் சொன்னான், “மேடம், இது சின்னச் சின்ன விஷயம். சரி பண்ணிடலாம். ரிப்போர்ட் மட்டும் கொடுத்துட்டீங்கன்னா நாலுவழிச் சாலை முழுக்க நம்ம தார்தான்.”

கொடுக்கலாம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். சாலை முழுக்க இந்த அமைதி நீண்டு கிடப்பதை நினைத்தால் இனிப்பாக இருந்தது.

அதற்குள் ஊர்ப்பாதையின் முனை சுருங்க ஆரம்பித்திருந்தது. நெடுஞ்சாலையின் நேரான ஓரத்தில் ஊர்ப்பாதை வந்து சேரும் இடத்தில் மட்டும் விளிம்பு இல்லாமல் இடைவெளி இருக்கிறது அல்லவா, அதைச் சாலை ஒரு வெட்டுக்காயமாக எடுத்துக்கொண்டுவிட்டது. இரண்டு பக்கத்திலிருந்தும் கறுப்பு விளிம்பு நாளுக்கு நாள் வளர்ந்து ஒன்றையொன்று நோக்கி வந்தது, வந்த இடத்தில் இடுப்பளவுக்குக் கரை எழும்பி, ஏறுகிறவர்களை வழுக்கி விட்டது. லாரி போகாமல் ஆயிற்று, பிறகு டிராக்டர், பிறகு ஆட்டோ. ஒரு கல்யாணப் பெண்ணைப் பட்டுப்புடவை கசங்காமல் பக்கவாட்டில் திருப்பி உள்ளே அழைத்துப் போனார்கள். தாட்டியான ஆட்களைப் பார்த்து, மாமா நீரு இந்தப் பொங்கலோட வெளியூர்க்காரர்தான் என்று கேலி பேசினார்கள். ஆனால் பிரசவ வலி கண்ட ஒருத்தியைக் கட்டிலோடு தூக்கி வந்தவர்கள் கட்டில் நுழையாமல் அந்த முனையில் நின்றார்கள்; அவளைக் கையில் ஏந்தி, தலை முதலில், கால் பிறகு என்று கடத்தினார்கள். அன்று யாரும் கேலி பேசவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் முனை மூடிவிடும், ஓடையிலும் தண்ணீர் வந்துவிட்டால் ஊர் உள்ளேயே இருந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தமயந்தி டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எஞ்சினியரம்மா, கேக்கேன்னு நினைக்காதீய,” என்றாள் சுடலைவடிவு. “உங்களுக்கு இந்த ரோட்டுல என்ன ஆறிச்சு? எல்லாரும் சொல்லிட்டாக, நீங்கதான் சொல்லல.”

அவள் சொன்னாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். ஜன்னல், கூடை, செங்கல், மழை. சொல்கையில் யார் வீட்டுக் கதையோ போல வந்தது.

“பாவம். திரும்பி நின்னு உங்களைக் கூப்பிட்டாருன்னீயளே, என்னன்னு கூப்பிடுவாரு?”

தமயந்தி வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. அண்ணன் திரும்புவது தெரிந்தது, வாய் அசைவது தெரிந்தது, மழைக்கு நடுவே அந்த வாயிலிருந்து எதுவும் வரவில்லை. அவள் அந்தச் சத்தத்தைத் தேடிப் போனாள், எப்போதும் அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பெயரிடம் போவாள், இப்போது அங்கே வழவழவென்று ஒரு சுவர் இருந்தது. கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. வேலைக்குக் கம்மல் போடாமல் வருகிறவள், காதைத் தொட்டுப் பார்த்தாள்; துளை இல்லை, எப்போது மூடியதென்று தெரியவில்லை. எதிரே நின்ற சுடலைவடிவின் இரண்டு காதிலும் வேப்பங்குச்சி.

“உங்க காது மூடலையா?”

“குச்சி போட்டிருக்கம்லா. ஓட்டை வேணும்னா உள்ள எதையாச்சும் வச்சிருக்கணும். சின்னப்பிள்ளைல காது குத்தினா எல்லாரும் செய்றதுதான.”

தமயந்தி எழுந்து நின்றாள். கான்கிரீட் போடும்போது வேண்டுமென்றே ஓர் இடைவெளி விடுவார்கள், அது மூடிவிடாதபடி நடுவில் ஒரு பலகையை நிறுத்துவார்கள், அந்த இடைவெளி இல்லாவிட்டால் வெயிலில் பாலம் விரிந்து தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும்; எத்தனையோ பாலத்தில் அவள் தானே நின்று பலகை வைத்திருக்கிறாள். “முனையில ஒரு மரம் நிறுத்தணும்,” என்றாள். “வேப்பமரம். ரெண்டு பக்கமும், மேலயும்.”

“வாசக்கால்னு சொல்லுங்க,” என்றாள் சுடலைவடிவு.

நெடுஞ்சாலை நிலத்தில் ஒரு குச்சி நட்டாலும் ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் கொடுக்க வேண்டியவள் தமயந்திதான். அவள் கொடுக்கவில்லை. ஊர்த் தச்சர் வேம்பை இழைத்தார், வீடு கட்டுகிறபோது செய்வதைப் போலவே நவதானியமும் மஞ்சள் துணியும் ஒரு காசும் அடியில் வைத்து, மஞ்சள் குங்குமம் பூசி, மாவிலை கட்டி, சுமங்கலிகள் கை வைக்க, கதவில்லாத ஒரு பெரிய வாசல் நிலையை அந்த இடுக்கில் நிறுத்தினார்கள். தமயந்தியும் ஒரு கை வைத்தாள். மறுநாள் காலையில் கறுப்பு விளிம்பு மரத்தைத் தொட்டு நின்றிருந்தது, அதற்கு மேல் நகரவில்லை. அன்றிலிருந்து அதன் வழியாக ஊருக்குள் வருகிறவர்கள், யார் வீட்டுக்கோ வருவதுபோலத் தலையைக் கொஞ்சம் குனிந்து வந்தார்கள். எதிரே வருகிறவர்கள், அன்றாடம் பார்க்கிறவர்களாக இருந்தாலும், வாங்க என்றார்கள்.

தமயந்தி தகுதியில்லை என்று எழுதி அனுப்பினாள். கோட்டப் பொறியாளர் போனில் கூப்பிட்டார்.

“உடையாத சாலையை ஃபெயில் பண்ணின முதல் ஆள் நீங்கதாம்மா.”

“அதுக்குப் புண்ணும் வாசலும் ஒண்ணாத் தெரியுது சார்.”

“இதை நான் மேல எப்படி எழுதறது?”

“அப்படியே எழுதுங்க சார்.”

“உங்க பேரு புரமோஷன் பேனல்ல இருக்கு, தெரியும்ல?” என்றார் அவர், மெதுவாக, திட்டுகிற குரலில் இல்லை.

“தெரியும் சார்.”

ஊரிலும் எல்லோருக்கும் சம்மதமில்லை. மூட்டு ஆறியவர்கள் மறுபடி வலிக்குமா என்று கேட்டார்கள், தெரியாது என்றாள். தீப்பெட்டி கேட்ட அண்ணன் தம்பிகளில் மூத்தவர், “இவன் திரும்பவும் பேசாமப் போயிட்டா யாருட்டம்மா நான் போய்க் கேக்கது?” என்றார். இளையவர், பேசுவேன், வாயை மூடிக்கிட்டு வா என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சாலையைச் சுரண்டி எடுக்கும் இயந்திரம் வந்தது. முன்னால் அது சுரண்டப் பின்னால் சாலை மூடிக்கொண்டது; இரண்டு நாள் அது போன தூரமெல்லாம் போகாத தூரமாயிற்று. மூன்றாம் நாள் செவல்பொட்டல் பெண்கள் முந்தானை நிறைய வேப்பங்குச்சி ஒடித்துக்கொண்டு வாசக்கால் வழியாக வரிசையாக வந்தார்கள். இயந்திரம் ஊர்ந்து போக, அதன் பின்னால் நாற்று நடுகிற மாதிரி குனிந்தபடியே நகர்ந்து, வெட்டின இடத்திலெல்லாம் ஒவ்வொரு குச்சியாகச் சொருகிக்கொண்டு போனார்கள். வெயிலில் தார்மணமும் வேப்பமணமும் கலந்து ஒரு கசப்பான காற்று வீசியது, குச்சி இருந்த இடம் திறந்தே இருந்தது. நிர்மலும் ஊக்குப் போட்ட சட்டையோடு ஒரு கட்டு குச்சி கொண்டுவந்து கொடுத்தான். எடுத்த துண்டுகளைத் துறையின் கிடங்கில் குவித்தார்கள். காலையில் அந்தக் குவியல் ஒரே பாறையாக இருந்தது, ஒட்டின தடமில்லாமல். காவல்காரர் அதன் மேல் துணி காயப்போடுகிறார்.

விலக்கில் பழையபடி சாதாரணத் தார் போட்டார்கள். காலம் ஐப்பசிக்கு வந்தது, முதல் பெருமழையிலேயே டீக்கடைக்கு நேரே சாலை பெயர்ந்தது. தமயந்தி அன்று பஸ்ஸுக்காக அங்கே நின்றிருந்தாள், மழையில் வாசக்காலின் மாவிலைச் சருகுகள் சொட்டிக்கொண்டிருந்தன, கல்குவாரியிலிருந்து ஒரு லாரி வந்தது. தொப். கடகட. அதற்கு முந்தியோ பிந்தியோ, மழைக்கு அப்பாலிருந்து, ஒரு வாத்துக்குஞ்சை விரட்டுகிற சிரிப்போடு, அந்தக் குரல் வந்தது: தாராக்குஞ்சு, நனையாத, உள்ள போ.

“என்னம்மா, உடம்புக்குச் சரியில்லையா?” என்று சுடலைவடிவு அடுப்பைவிட்டு எழுந்து வந்தாள்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் தமயந்தி. முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, பள்ளம் அடைக்கிற வண்டியைக் கூப்பிட்டு, இருட்டுவதற்கு முன் வந்து சேர வேண்டும் என்றாள். வண்டி வரும்வரை மரியசூசையின் கரும்புச்சாறு மேசையைப் பள்ளத்துக்கு முன்னால் குறுக்கே போடச் செய்து, குடையைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றாள்.

அடுத்த கோடையில் செவல்பொட்டல் அம்மன் கொடைவிழாவில், மொட்டையடித்த குழந்தைகளுக்கு நடுவே மணையில் உட்கார்ந்து அவள் மறுபடி காது குத்திக்கொண்டாள். பதவி உயர்வு வரவில்லை. உதவிப் பொறியாளராகவே ஓய்வு பெற்று, இப்போது பாளையங்கோட்டையில் தம்பி வீட்டு மாடியில் குடியிருக்கிறாள்.